கடலுக்கடியில் இரண்டு கதிரைகள்

சுவிஸின் பேர்ண் நகரத்தில் நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சமையலறையில் பேயாட் என்று ஒருவன் இருக்கிறான். பெயரைத் தமிழில் எழுதினால் உள்ளே ஒரு பேய் வந்து உட்கார்ந்துவிடும், ஆனால் ஆள் சாது. போன வருடம் அவன் மாலைதீவுக்கு விடுமுறை போய், தோல் உரிந்த மூக்கோடு திரும்பி வந்தான். காலைக் கோப்பி நேரத்தில் கைபேசியில் படங்களைக் காட்டினான். கண்ணாடிக்கு அப்பால் ஒரு குட்டிச் சுறா நீந்திக்கொண்டிருந்தது. இப்பால் அவன் மனைவி முள்ளுக்கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கடலுக்கு அடியில் ஓர் உணவகமாம்.

"அங்கே காலையில் ஆம்லெட் போடுகிறவன் இலங்கைக்காரன். எந்த ஊர் என்று கேட்டான். பேர்ண் என்றேன். உடனே என்ன கேட்டான் தெரியுமா? 'ஃப்ரிபூர்க்கில் அந்தக் கேபிள் ரயில் இன்னும் நாறுகிறதா?' என்று பிரெஞ்சில் கேட்டான்!"

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பியை மேசையில் வைத்துவிட்டேன்.

பேர்ணுக்குப் பக்கத்திலுள்ள ஃப்ரிபூர்க் நகரம் மேலும் கீழுமாக இரண்டு தட்டில் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து மேல் நகரத்துக்குச் செங்குத்தாக ஏறும் ஒரு பழைய கேபிள் ரயில் உண்டு. அதற்கு மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நகரத்தின் கழிவுநீரை நிரப்புவார்கள். அந்தப் பாரத்தில் அது கீழே இறங்க, கீழே நிற்கும் பெட்டி மேலே ஏறும். நாற்றம் கூடவே பயணம் செய்யும். முப்பது வருடங்களுக்கு முன் தினமும் காலை அந்தப் பெட்டியில் இரண்டு தமிழர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒருவன் நான். மற்றவன் மன்னார்க்காரன் ஜெறோம்.

நாங்கள் இருவரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். ஆற்றோரத்தில் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மெத்தை. ஒரு கிழமை அவன் கட்டிலில், மறு கிழமை நான். மேல் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நாலு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினோம். பிறகு அவனுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அவன் திரும்பிப் போனான். நான் தங்கிவிட்டேன். யாரும் கேட்டால் இவ்வளவைத்தான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய், பேயாட் அனுப்பிய படத்தையும் காட்டி மனைவியிடம் சொன்னேன். வதனி கேட்டாள்: "அது அவர்தானோ?"

"வேற ஆர் அப்பிடிக் கேப்பான்?"

எங்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு மகள் எங்களை எங்காவது அனுப்ப நினைத்திருந்தாள். வதனி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். ஜெறோமைப் பார்ப்பது என் காரணம். அவளுக்கு இன்னொரு காரணம் இருந்தது. பேயாட்டின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கடலுக்கடியில் சாப்பிட வேண்டும். எங்கள் வீடு இருக்கும் பூம்ப்ளிஸிலிருந்து ஐரோப்பாப்ளாட்ஸ் இந்துக் கோயிலுக்குப் பூக்கட்டப் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைப் பற்றியே கதைத்தாள். புறப்படும் முன்பே கோயிலில் பாதிப் பேர் மனத்தால் அங்கே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

ஒரு தொலைபேசி அழைப்பில் அவன் அங்கே இன்னும் இருக்கிறானா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. "வராதே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

முதல் நாள் முழுக்க மழையில் போனது. எங்களை ஏற்றிப் போக வேண்டிய கடல் விமானம் மழைக்குப் பறக்காது என்றார்கள். நனைந்த தலையோடு மாலே துறைமுகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, கடைசியில் ஒரு வேகப்படகில் ஏற்றினார்கள். ஜெறோமுக்காக ஃப்ரிபூர்க் பக்கத்துச் சீஸ் ஒரு பெரிய துண்டு கொண்டு போயிருந்தேன். சுவிஸ் குளிரில் நாகரிகமாக இருந்த சீஸ், அந்த வெக்கையில் தன் சுயரூபத்தைக் காட்டியது. எதிரே இருந்த ஜெர்மன் பெண் கணவனிடம், "இங்கே யாருக்கோ சுகமில்லை" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு விளங்கும் என்று அவளுக்குத் தெரியாது. வதனிக்கு உண்மையிலேயே சுகமில்லை. ஒவ்வொரு அலைக்கும் என் கையைப் பிடித்து நசுக்கியபடி, "நீருக்கு மேலேயே இப்பிடியெண்டால் கீழ எப்பிடி இருக்கும்" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. உணவுக்கூடத்தில் அந்த ஊர்க் காலைச் சாப்பாட்டைத்தான் முதலில் எடுத்தோம். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருகிறார்கள். வதனி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது எங்கட மாசிச் சம்பல்!" என்றாள். மாசிக் கருவாடு இந்தத் தீவுகளிலிருந்துதானே எங்கள் ஊருக்கு வந்தது. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவதுபோல இருந்தது.

ஆனால் என் கண் முட்டை போடும் இடத்திலேயே இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பருமனான ஆள். எங்கள் ஜெறோம் ஈர்க்குச்சி. இது அவனாக இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் அகப்பையைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தரம் தட்டிவிட்டு இடது தோளை உயர்த்தி அதிலே கன்னத்தைத் துடைத்தார். ஈரக் கையோடு நாலு வருடம் என் பக்கத்தில் நின்றவன் அப்படித்தான் துடைப்பான்.

நான் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவன் நிமிர்ந்து பார்க்காமலே ஆங்கிலத்தில் கேட்டான், "வெங்காயம், மிளகாய் எல்லாம் போடவா, சேர்?"

"இன்னும் நாறுது மச்சான்," என்றேன். "கோடையில கிட்டப் போகேலாது."

அகப்பை நின்றது. அவன் என்னைப் பார்த்தான். முட்டை சட்டியில் கருகத் தொடங்கியது. கட்டிப் பிடிப்பான் என்றோ திட்டுவான் என்றோ எதிர்பார்த்தேன். அவன் கருகியதை வழித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக இரண்டு முட்டையை உடைத்தான். ஓட்டுத் துண்டொன்று உள்ளே விழுந்துவிட்டது. அதை விரலால் எடுத்தபடி சொன்னான்: "தள்ளி நில்லடா. பின்னால ஆக்கள் நிக்கினம். பத்தரைக்கு முடியும். படகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில நில்லு."

பத்தரைக்கு வந்தான். தொப்பி இல்லாத தலையில் மயிரும் இல்லை. வதனியைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு இருவரும் கதைக்கத் தொடங்கினோம். மனைவி நீர்கொழும்பில், இரண்டு மகள்மார், மூத்தவள் ஆசிரியை. கொழும்பு ஹோட்டல்களில் பல வருடம், பிறகு இங்கே ஒன்பது வருடம். என் பங்குக்கு நானும் சொன்னேன். ஆனால் வேகமாகவே நாங்கள் இருவரும் ஃப்ரிபூர்க்குக்குத் திரும்பிவிட்டோம். மீன் குழம்பு வைத்தால் கீழ் வீட்டு மூதாட்டி தும்புக்கட்டையால் கூரையில் இடிப்பது, முதல் பனி விழுந்த அன்று ஹோட்டலின் பின்வாசலில் சப்பாத்து இல்லாமல் நின்று பார்த்தது, அவன் ஆற்றில் அனுமதியில்லாமல் தூண்டில் போட்டது எல்லாம் வந்தன.

"அண்ணை ஆத்தில மீன் பிடிச்சவரோ?" வதனிக்கு இது புதுக்கதை.

"மன்னாரான் தண்ணியைப் பாத்தால் சும்மா இருப்பானே, தங்கச்சி? நல்ல ட்ரவுட் மீன். இவன் பாலத்தில நிண்டு பொலிஸ் பாக்கிறவன். ஒருநாள் தபால்காரனைப் பாத்துட்டு 'பொலிஸ்!' எண்டு கத்தினான். நான் மீனைக் காற்சட்டைக்குள்ள போட்டுட்டன். உயிர் மீன்!"

வதனி சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறையில் குளிர் இருந்தது, பயம் இருந்தது, கடிதம் வருமா என்ற ஏக்கம் இருந்தது. ஆனாலும் பிறகு வந்த நல்ல வீடுகளில் நான் அப்படிச் சிரித்ததில்லை. ஒன்றை மட்டும் இருவரும் தொடவில்லை. அவன் புறப்பட்ட நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

போகும்போது அவன் கடலுக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தைக் காட்டினான். அதன் முனையில், கடலடி உணவகத்துக்கு இறங்கும் இடத்தில், ஒரு சிறிய கூரை தெரிந்தது. "அந்தக் கூரைக்குக் கீழதான் கிச்சின். பகல் சாப்பாடு நான்தான் சமைக்கிறது. சாப்பாடு படியால இறங்கும்."

"நீ கீழ இருந்து சாப்பிட்டனியோ?"

"நாங்கள் அங்க இருக்கிறேல்லை. சட்டம். கண்ணாடி துடைச்சிருக்கோ எண்டு பாக்க இறங்குவன், ஏறுவன்."

அறைக்கு வந்ததும் வதனி சொன்னாள்: "எங்களுக்கு நாளைக்கு மத்தியானம் மேசை இருக்கு. நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"மேசை ரெண்டு பேருக்குத்தான். நீ?"

"எனக்கு நேற்றையான் படகே இன்னும் தலைக்குள்ள ஆடுது." அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த மேசைக்காகவே ஒரு நீலச் சேலை தைத்த ரவிக்கையோடு பெட்டிக்குள் இருந்தது. நான் மறுத்தேன். அவள் விடவில்லை. "அந்த மனுசன் ஒன்பது வருசமாச் சமைச்சு அனுப்புறார். நான் ஒருநாள் சாப்பிடாட்டி என்ன? நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. கோயிலில நான் போனதெண்டு காட்டுறன்."

உணவக மேலாளரிடம் அனுமதி கேட்கப் போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். நான் ஆங்கிலத்தில் தொடங்க, அவள் பதில் சொன்ன ஆங்கிலத்தில் ஒரு ராகம் கேட்டது. எனக்கு அது எங்கள் பக்கத்து ராகம். துணிந்து, பேர்ண் ஆட்கள் சொல்வதுபோல "குருயெஸெக்" என்று வணக்கம் வைத்தேன்.

அவள் கண்கள் விரிந்தன. "பேர்ணா? பேர்ணில் எங்கே?"

"பூம்ப்ளிஸ்."

"என் சித்தி பூம்ப்ளிஸில்தான் இருக்கிறாள்!"

அதன் பிறகு எல்லாம் பேர்ண் ஜெர்மனில் நடந்தது. ட்ராம், பனிமூட்டம், வெங்காயச் சந்தை என்று கதை நீண்டது. இத்தனை வருடமாகப் பேர்ணில் யாரைச் சந்தித்தாலும் இரண்டாவது கேள்வி, "ஆனால் உண்மையில் எந்த ஊர்?" என்பதாக இருக்கும். இவள் அதைக் கேட்கவேயில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. ஊழியர்கள் விருந்தினர் மேசையில் இருப்பதற்கு இடமில்லை. கொஞ்சம் யோசித்தாள். "நாளை அவருக்கு ஓய்வு நாள். சமையலறை வழியாக வரக்கூடாது. சீருடையில் வரக்கூடாது. விருந்தினராக வரட்டும்." பிறகு சிரித்துக்கொண்டே, "நாம் ஒரே ஊர்க்காரர் அல்லவா" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரே ஊர்க்காரர். அதே நாட்டில் அதே தண்ணீரில் அதே கோப்பையைக் கழுவிய ஜெறோமுக்கு இந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. மனம் முழுதாகச் சந்தோஷப்படவில்லை.

ஜெறோம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு விசரோ? நாளையிண்டைக்கு நான் இந்தப் பெடியங்களோட வேலை செய்யோணும். 'சேர், தண்ணி விடவா' எண்டு அவன் என்னைக் கேட்டால் எனக்குத் தொண்டையால இறங்குமோ?"

"வதனி தன்ர இடத்தை விட்டுத் தந்திட்டாள்."

அவன் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தான். "என்னட்டை அதுக்கேத்த சேர்ட் இல்லை."

நான் கொடுத்தேன். கடைசிப் பொத்தான் பூட்டவில்லை. வதனி ஊசி குத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வளைந்த படிகளில் இறங்கினோம். காது அடைத்தது. கீழே ஒரு நீண்ட கண்ணாடிக் கூடு. சுற்றிவர நீலம். எல்லோருடைய முகமும் கொஞ்சம் நீலம். ஆறேழு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதிரைகள். தலைக்கு மேலே ஒரு திருக்கை தன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஜெறோம் கண்ணாடியில் விரல் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தான்.

பரிமாறியவர் மட்டக்களப்புக்காரர், ஜெறோமோடு ஒரே விடுதியில் தங்குபவர். மிகவும் மரியாதையாக, "வணக்கம் சேர், இருங்கோ சேர்" என்று கதிரையை இழுத்துவிட்டார். ஜெறோமின் காது சிவந்தது. ஆனால் இருந்தான். இருந்த பிறகு மெல்லமெல்ல அவன் தோள் இறங்கியது.

மீன்கள் வந்தன. "அங்க பார், பாரை. அது கலவாய், குழம்புக்கு நல்லம். அந்தப் பச்சை நிறத்தான் கிளிமீன், ருசியில்லை, வடிவு மட்டும்தான்." பக்கத்து மேசையில் ஓர் ஆங்கிலேயர் தன் மனைவியிடம், "தட்டில் இருப்பதும் வெளியே போவதும் ஒரே மீனா?" என்று கேட்டார். "சாப்பிடுங்கள், கேட்காதீர்கள்" என்றாள் அவள்.

முதல் தட்டில் ஒரு சிப்பித் தசை, அதைச் சுற்றி மஞ்சள் சாறு. ஜெறோம் நாக்கில் வைத்து, "உப்புக் கூட. நான் இல்லாட்டி இப்பிடித்தான்" என்றான். சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தட்டுகளை அடுக்கக் கையை நீட்டினோம். இருவர் கையும் முட்டிக்கொண்டன. மட்டக்களப்புக்காரர் ஓடி வந்து, "விடுங்கோ சேர், விடுங்கோ" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மற்ற மேசைகள் திரும்பிப் பார்த்தன.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது எனக்குத் துணிவு வந்தது.

"நீ போன அண்டு நான் ஸ்டேஷனுக்கு வாறன் எண்டு சொன்னனான்."

"ஓம்."

"வேலையில விடேல்லை எண்டு பிறகு எல்லாருக்கும் சொன்னனான். அது பொய். அந்தக் கிழமைதான் எனக்கு விசா கிடைச்ச கடிதம் வந்தது. உனக்குச் சொல்லேல்லை. உன்ர முகத்தைப் பாக்கேலாமல் கிச்சினுக்குள்ள நிண்டு உருளைக்கிழங்கு சீவினன்."

ஜெறோம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கூட்டம் சின்ன மீன்கள் ஒன்றாகத் திரும்பின.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"கடிதம். நீ மழையில நனைஞ்சு வந்து கோட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்திட்டாய். அதை ஹீட்டரில காயப்போட்டது ஆர்? பொக்கற்றுக்குள்ள கடிதம் நனைஞ்சிருந்தது. விரிச்சுக் காயவைச்சு, மடிச்சு, திரும்ப உள்ள வைச்சன். மை ஊறிப் போயிருந்தால் உனக்குத்தானே கரைச்சல்."

தன்னைப் போகச் சொன்ன கடிதம் ஒரு பையில் இருக்க, என்னை இருக்கச் சொன்ன கடிதத்தை அவன் காயவைத்திருக்கிறான்.

"கோவம் வரேல்லையோ?"

"கடிதத்துக்கு ஏன் கோவம்? உனக்குக் கிடைச்சது நல்லதுதானே. ஸ்டேஷனில பாத்துக்கொண்டு நிண்டன். வராததும் விளங்கினது." அவன் முள்ளுக்கரண்டியை நேராக வைத்தான். "ஆனால் நான் கொழும்பிலயிருந்து ரெண்டு கடிதம் போட்டனான். நீ பதில் போடேல்லை. அதுதான் மச்சான் எனக்கு நொந்தது. ரெண்டு வருசம் தபால்காரனைப் பாத்தன்."

அந்தக் கடிதங்கள் எனக்குக் கிடைத்தன. ஒன்றைத் திறந்தேன், மற்றதைத் திறக்கவில்லை. பிறகு பேர்ணுக்கு வீடு மாறினேன். இதைச் சொன்னேன். காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை, சொல்லவும் இல்லை. "பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னேன். கண்ணீர் வந்தது. அந்த நீல வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, அவனைத் தவிர.

அவன் உடனே மன்னித்துக் கையைப் பிடிக்கவில்லை. பிரதான தட்டு வந்தது. சாப்பிட்டோம். நல்ல கலவாய். பாதியில் அவன் கேட்டான்: "திறக்காத கடிதத்தை என்ன செய்தனி?"

"எங்கயோ துலைஞ்சு போச்சு."

"அதிலதான் விசேஷம் எழுதினனான். எனக்குப் பொம்பிளை பாத்திருக்கு, உனக்கு ஆரும் அமைஞ்சுதோ எண்டு கேட்டிருந்தன்." பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். "சரி. அமைஞ்ச ஆளை மேல விட்டிட்டு வந்திருக்கிறம். படம் எடு, இல்லாட்டி தங்கச்சி ஏசும்."

நான் எடுத்தேன். எல்லாப் படத்திலும் அவன் மீனைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்வு நாள் என்று பேரே தவிர, மேலே ஏறியதும் அவன் என் சேர்ட்டைக் கழற்றி மடித்துத் தந்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் எங்கள் அறைக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. வெள்ளி மூடிக்குக் கீழே சிவப்புப் பச்சரிசிச் சோறு, பாரைக் குழம்பு, பால்ச்சொதி, பொரித்த மிளகாய். வதனி பெட்டியைத் திறந்து அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கடலைப் பார்த்து இருந்து, கையால் பிசைந்து சாப்பிட்டாள். "உவர் இப்பிடிச் சமைப்பாரெண்டால் கண்ணாடி எதுக்கு?" என்றாள். சீஸை அவன் விடுதியில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தானாம். ஒருவரும் தொடவில்லை, தனியாகவே தின்று முடித்தானாம்.

பேர்ணுக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு, அவனை இங்கே அழைப்பதற்கான படிவத்தை எடுத்து வந்தேன். போகச் சொன்ன நாட்டுக்கு விருந்தாளியாக வர விருப்பமா என்று கேட்டபோது அவன் ஒரு நாள் அவகாசம் கேட்டான். மறுநாள், "குளிர் காலத்தில வாறன். இந்த வெக்கை போதும்" என்றான். பெயர், பிறந்த இடம் எல்லாம் எழுதிவிட்டேன். "அழைப்பவருக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவு" என்ற இடத்தில் பேனை நின்றது.

"அண்ணன் எண்டு எழுதுங்கோ," என்றாள் வதனி.

"தகப்பன் பேர், பிறந்த ஊர் ஒண்டும் பொருந்தாது. பிறகு கேப்பினம்."

தொலைபேசியில் அவனையே கேட்டேன். பின்னால் சட்டிகளின் சத்தம் கேட்டது. அவன் யோசிக்கவேயில்லை.

"ஒரே அறையில இருந்த ஆள் எண்டு எழுது."

"சிரிப்பாங்களடா."

"சிரிக்கட்டும். பொய் இல்லைத்தானே."

அப்படியே ஜெர்மனில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் பெண் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். அந்த வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்போதும் ஒரே அறையிலா இருக்கிறீர்கள்?"

"இல்லை," என்றேன். "பெப்ரவரியிலிருந்து. நீங்கள் விட்டால்."